பெற்றோரின் கொடுப்பனவு மறுபரிசீலனைக்கு வரும்போது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உடல்வலுக் குறைந்தோருக்கான கொடுப்பனவுகளில் பெரிய மாற்றங்கள் வரப்போகின்றன என்ற செய்தி 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிவந்த நாளிலிருந்து, பிரித்தானியாவில் வாழும் எம்மவர் வீடுகளில் நோயாளிகளான பெற்றோர் பலர் நிம்மதியின்றி இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் குரல்பதிவுகளும் கோயில் மண்டபத்தில் காதில் விழும் பேச்சுகளுமே அவர்களுக்குச் செய்தியாகின்றன. நோயினாலோ உடற்குறையினாலோ அன்றாடம் உதவி தேவைப்படுவோருக்கு அரசு தரும் பிப் (Personal Independence Payment) கொடுப்பனவைப் பற்றி, "பிப்பை நிப்பாட்டப் போறாங்களாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு என் தாயாரும் பல இரவுகள் நித்திரையின்றிக் கிடந்தார். அவருக்கு வயது 64. ஊரில் இருந்த காலத்தில் ஷெல் வீச்சில் இடுப்பில் பட்ட காயமும், இங்கு வந்தபின் கைவிரல்களைப் பற்றிக்கொண்ட முடக்குவாதமும் அவரை வருத்துகின்றன. அவரைப் பராமரித்துவரும் மகள் என்ற முறையிலும், வேறு சில குடும்பங்களுக்குப் படிவங்களில் உதவியவள் என்ற முறையிலும் சில விடயங்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாக வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

முதலில், நடந்தது எது, நடக்காதது எது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிப்பில் அன்றாட வாழ்வு, நடமாட்டம் என இரு பிரிவுகள் உண்டு. அன்றாட வாழ்வுப் பிரிவைப் பெறுவதற்கு ஏதேனும் ஒரு செயற்பாட்டிலாவது ஒருவர் குறைந்தது 4 புள்ளிகளைப் பெற்றிருக்க வேண்டும் என்ற விதியை, 2025 மார்ச் 18 அன்று வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கையில் அரசாங்கம் முன்மொழிந்தது. பலரது கொடுப்பனவையும் பறித்திருக்கக்கூடிய அந்த விதி, ஜூலை 1 அன்று சட்டமூலம் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோதே கைவிடப்பட்டது. அது இன்றுவரை சட்டமாகவில்லை. பிப் மதிப்பீட்டு முறை முழுவதையும் அமைச்சர் சேர் ஸ்டீபன் டிம்ஸ் தலைமையிலான குழு மீளாய்வு செய்து 2026 இலையுதிர் காலத்தில் அறிக்கை தரும் என்றும், அதன் பின்னரே மாற்றங்கள் பற்றி முடிவெடுக்கப்படும் என்றும் அரசாங்கம் கூறியது. சட்டமாகியது, வருமானம் குறைந்தோருக்கான யூனிவர்சல் கிரெடிட் கொடுப்பனவு தொடர்பான பகுதிதான். 2026 ஏப்ரலிலிருந்து புதிதாக விண்ணப்பிப்போருக்கு அதன் உடல்நலப் பிரிவுத் தொகை வாரத்துக்கு ஏறத்தாழ 50 பவுண்ஸ் என ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே பெற்றுவருவோருக்கும், வாழ்நாள் முழுவதும் தீராத கடும் நோயுடையோருக்கும், இறுதிக்கட்ட நோயாளிகளுக்கும் அந்தக் குறைப்புப் பொருந்தாது. ஸ்கொட்லாந்தில் வசிப்போருக்குப் பிப்புக்குப் பதிலாக அங்குள்ள அரசின் தனிக் கொடுப்பனவு உண்டு என்பதால், நான் கீழே எழுதுபவற்றில் சில அவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஆனால் வராத விதியை எண்ணி அஞ்சிக்கொண்டிருக்கும் அதே வேளையில், நடைமுறையில் உள்ள விதிகளின் கீழேயே எமது பெற்றோர் கொடுப்பனவை இழந்துவருகிறார்கள் என்பதுதான் என்னை இக்கடிதத்தை எழுதவைத்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மறுபரிசீலனைப் படிவத்திலும், அதைத் தொடர்ந்து பெரும்பாலும் தொலைபேசியில் நடக்கும் மதிப்பீட்டிலும், தம் உடல்நிலையை உள்ளது உள்ளபடி சொல்ல அவர்களால் முடிவதில்லை. பிப் என்பது நோயின் பெயருக்குக் கொடுக்கப்படும் பணமன்று. சமைத்தல், உண்ணல், குளித்தல், மலசலகூடம் செல்லல், உடுத்தல், பிறருடன் பழகுதல் முதலிய 10 அன்றாடச் செயற்பாடுகளிலும், நடமாட்டம் தொடர்பான 2 செயற்பாடுகளிலும் ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்பதைப் பார்த்துப் புள்ளி இடுகிறார்கள். ஒவ்வொரு பிரிவிலும் 8 புள்ளி பெற்றால் சாதாரண வீதமும் 12 புள்ளி பெற்றால் கூடிய வீதமும் கிடைக்கும். ஆகவே வைத்தியர் தந்த கடிதத்தில் நோயின் பெயர் தெளிவாக இருந்தால் போதும் என்று நம்பியிருப்பவர்கள் ஏமாற்றமடைகிறார்கள்.

சமையலையே எடுத்துக்கொள்கிறேன். "சமைப்பீர்களா?" என்று கேட்டால் என் தாயார் ஒரு கணமும் தாமதிக்காமல் "ஓம், சமைப்பன்" என்பார். அவர் பொய் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் சோறு வைப்பது அவர்தான். ஆனால் அரிசியைக் கழுவி, தண்ணீர் அளந்து, ரைஸ் குக்கருக்குள் பானையை இறக்கிவைத்துவிட்டு வேலைக்குப் போவது நான். அவர் செய்வது ஆளியை அழுத்துவது மட்டுமே. வெங்காயம் உரிக்கும் கத்தியை அவரது விரல்களால் இறுகப் பிடிக்க முடியாது. முன்னர் இருமுறை அது நழுவிக் காலடியில் விழுந்ததால் இப்போது கத்திகளை மேல்தட்டில் வைத்திருக்கிறோம். கறிச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்க வேண்டுமானால் யாராவது வீட்டுக்கு வரும்வரை காத்திருப்பார். விதிமுறை கேட்பதோ, ஒருவருக்குப் போதுமான ஒரு வேளை உணவைப் பச்சைக் காய்கறி முதலியவற்றைக் கொண்டு தயாரித்து, இடுப்பளவு உயரமுள்ள சாதாரண அடுப்பில் சமைக்க முடியுமா என்பதை. அதற்கு இன்னொருவரின் உதவியோ மேற்பார்வையோ தேவை என்றால் 4 புள்ளி, அறவே முடியாது என்றால் 8 புள்ளி. "ஓம், சமைப்பன்" என்ற பதிலுக்குக் கிடைப்பது பூச்சியம்.

நடப்பதிலும் இதே கதைதான். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறேன் என்று பெருமையோடு சொல்லும் தாய்மார் பலரை எனக்குத் தெரியும். வாசலில் காரிலிருந்து இறக்கிவிடப்பட்டு, மகனின் கையைப் பிடித்தபடி உள்ளே சென்று, பூசை முடியும்வரை கதிரையில் அமர்ந்திருந்துவிட்டு, அவ்வாறே திரும்பி வருவதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். 20 மீற்றருக்கு மேல் நடக்க முடியாதவருக்கு 12 புள்ளி, 20 முதல் 50 மீற்றர் வரை மட்டுமே நடக்கக்கூடியவருக்கு 8 அல்லது 10 புள்ளி என்று விதி இருக்கிறது. 20 மீற்றர் என்பது லண்டனில் ஓடும் இரண்டு மாடிப் பேருந்துகள் இரண்டின் நீளத்துக்குச் சற்றுக் குறைவானது. வீட்டு வாசலிலிருந்து எத்தனையாவது வீட்டில் அம்மா நிற்கிறார், எவ்வளவு நேரம் மூச்சு வாங்குகிறார், திரும்பி வந்தபின் அன்றைய மாலையில் மாடிப்படி ஏற முடிகிறதா என்பதைப் பிள்ளைகள் ஒருமுறை கூடவே நடந்து பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.

இங்கே பலரும் அறியாத ஒரு விதியைச் சொல்ல வேண்டும். ஒரு செயலை ஒருவரால் செய்ய முடியும் என்று கொள்வதற்கு, அதை அவர் பாதுகாப்பாகவும், ஏற்கத்தக்க தரத்திலும், தேவைப்படும் தடவையெல்லாம் திரும்பத் திரும்பவும், மற்றவர்கள் எடுக்கும் நேரத்தைப்போல் இரு மடங்குக்கு மேற்படாத நேரத்திலும் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் அச்செயலை அவரால் செய்ய முடியாது என்றே கொள்ள வேண்டும். நல்ல நாளும் கெட்ட நாளும் மாறிமாறி வரும் நோயென்றால், ஆண்டின் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலைமை எப்படி இருக்கிறது என்பதே கணக்கில் எடுக்கப்படும். இவை 2013ஆம் ஆண்டு பிப் தொடங்கிய காலத்திலிருந்தே ஒழுங்குவிதிகளில் உள்ளவை. கேள்வி கேட்பவர் இவற்றை ஒவ்வொன்றாக நினைவூட்டிக் கேட்பார் என்று எதிர்பார்க்க முடியாது; பதில் சொல்பவரே சொல்லியாக வேண்டும். அம்மா குளிக்கிறார்தான். ஆனால் குளித்து முடிக்க ஒரு மணிநேரத்துக்கு மேலாகிறது, தலை முழுகும் நாளில் நான் வெளியே நின்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இரண்டாவது வாக்கியம் படிவத்தில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே முடிவு மாறுகிறது.

எமது பெற்றோர் இவற்றைச் சொல்லத் தயங்குவதை நான் குறையாகக் கருதவில்லை. இடம்பெயர்ந்து, முகாம்களில் இருந்து, எல்லாவற்றையும் இழந்தும் பிறரிடம் கையேந்தாமல் பிள்ளைகளை வளர்த்தவர்கள் அவர்கள். நலம் விசாரிப்பவரிடம் நோவைச் சொல்லி அழுவது அவர்களுக்குப் பழக்கமில்லை. கனவில் ஷெல் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்திருப்பதையோ, கூட்டம் கண்டால் நடுங்குவதையோ நோயாகவே அவர்கள் எண்ணுவதில்லை. பிறருடன் பழகுவது பற்றிய கேள்விக்கு "எல்லாரோடையும் நல்லாத்தான் இருக்கிறன்" என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுவார்கள். அவர்களை மிகைப்படுத்திச் சொல்லத் தூண்டக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இல்லாத நோவை இருப்பதாகச் சொல்வது குற்றம் மட்டுமன்று, உண்மையில் துன்பப்படும் அடுத்தவரையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். உள்ளதை மறைக்காமல் சொல்ல அவர்களைப் பழக்குவதே பிள்ளைகளின் வேலை, அதற்குக் காலம் தேவை. படிவம் வந்த பிறகு தொடங்கினால் அந்தக் காலம் கிடைக்காது.

எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு பழைய பாடசாலைக் கொப்பி இருக்கிறது. அம்மா அன்றன்று தன்னால் முடியாமற்போனதை அதில் தமிழிலேயே எழுதுகிறார், விரல்கள் வளையாத நாளில் சொல்லச்சொல்ல நான் எழுதுகிறேன். "இண்டைக்குச் சட்டைப் பொத்தான் பூட்ட ஏலாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டன்" என்பது போன்ற சிறு குறிப்புகள்தான் எல்லாம். படிவம் நிரப்பும் வேளையில் ஞாபகத்தைத் துழாவ வேண்டியதில்லை. நாளும் நிகழ்வும் கையில் இருக்கும். இக்குறிப்பின் ஆங்கில வடிவத்தை, நிபுணத்துவ வைத்தியரின் கடிதங்கள், தொடர்ந்து எடுக்கும் மருந்துகளின் பட்டியல், வீட்டுக்கு வந்து கைப்பிடிகள் பொருத்தப் பரிந்துரைத்த தொழில்வழிச் சிகிச்சையாளரின் அறிக்கை ஆகியவற்றோடு சேர்த்து அனுப்பலாம். ஜிபி எனப்படும் குடும்ப வைத்தியரிடம் ஆதரவுக் கடிதம் கேட்டால் கட்டணம் அறவிடக்கூடும், எழுதித்தர வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. ஏற்கெனவே கோவையில் உள்ள கடிதங்களின் பிரதிகளே பெரும்பாலும் போதுமானவை.

அடுத்து, மொழிபெயர்ப்பு. இதில் என் கருத்து கடுமையானது. தாய்க்கோ தந்தைக்கோ மதிப்பீட்டின்போது பிள்ளைகள் மொழிபெயர்க்கக் கூடாது. பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளைகளை அதற்கு இருத்துவது அறவே கூடாது. கேள்விகளில் மலசலம் கழிப்பது பற்றி, உடை நனைவது பற்றி, குளிக்கும்போது எந்தெந்த உறுப்பைக் கழுவ உதவி தேவை என்பது பற்றியெல்லாம் கேட்பார்கள். மகன் முன்னிலையில், மகன் வாயிலாக, எந்தத் தாய் அதற்கு உண்மையான பதிலைச் சொல்வாள்? "அதெல்லாம் பிரச்சினையில்லை" என்று சொல்லி மகனின் முகத்தையும் தன் மானத்தையும் காப்பாற்றிக்கொள்வாள், அந்த வாக்கியமே அறிக்கையில் ஏறும். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஏற்பாடு செய்துதருவார்கள். திகதி குறிக்கும்போதே அதைக் கேட்டுவிட வேண்டும், பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கலாம். பிள்ளை துணையாக அருகில் இருப்பதற்குத் தடையில்லை. அம்மா சொல்லாமல் விட்டதை, அவரது அனுமதியோடு, கடைசியில் நினைவூட்டலாம். உரையாடலை ஒலிப்பதிவு செய்யும்படி முன்கூட்டியே கேட்பதும் நல்லது. எங்களுக்குத் தெரிந்த ஒரு முதியவரின் அறிக்கையில் அவர் சொல்லாத விடயங்கள் சொன்னதாக எழுதப்பட்டிருந்தபோது, பதிவு இல்லாததால் அவரது குடும்பம் பட்ட பாடு கொஞ்சமன்று.

கால எல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் விண்ணப்பப் படிவமாயினும் மறுபரிசீலனைப் படிவமாயினும் திருப்பி அனுப்பப் பொதுவாக ஒரு மாதமே தருவார்கள். போதாதென்றால் அந்த மாதம் முடிவதற்குள் தொலைபேசியில் அழைத்துக் கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். அனுப்புமுன் ஒவ்வொரு பக்கத்தையும் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். முடிவு பாதகமாக வந்தால், அந்த முடிவை மீண்டும் பார்க்கும்படி ஒரு மாதத்துக்குள் திணைக்களத்திடமே கோரலாம், அதுவும் பயன் தராவிட்டால் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். அந்தத் தீர்ப்பாயம் கொடுப்பனவுத் திணைக்களத்தைச் சாராதது. அதில் நீதிபதியோடு ஒரு வைத்தியரும் மாற்றுத்திறன் பற்றிய அனுபவமுள்ள ஒருவரும் அமர்ந்திருப்பார்கள். பிப் வழக்குகளில் அங்கு விசாரணைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவை விண்ணப்பதாரருக்குச் சாதகமாகவே முடிந்துவந்திருக்கின்றன. அப்படியிருந்தும், "கோர்ட்டுக்கெல்லாம் ஏன் போவான்" என்று எம்மவர் பலர் முதற்கடிதத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

நின்றுவிடுவதால் போவது ஒரு கொடுப்பனவு மட்டுமன்று. 2025-26 நிதியாண்டில் அன்றாட வாழ்வுப் பிரிவு வாரத்துக்கு 73.90 அல்லது 110.40 பவுண்ஸ், நடமாட்டப் பிரிவு 29.20 அல்லது 77.05 பவுண்ஸ். வாரத்துக்கு 35 மணிநேரமாவது பராமரிக்கும் பிள்ளைக்கு அதே ஆண்டில் கிடைத்த 83.30 பவுண்ஸ் பராமரிப்பாளர் கொடுப்பனவு, பெற்றோருக்கு அன்றாட வாழ்வுப் பிரிவு கிடைப்பதையே பெரும்பாலும் ஆதாரமாகக் கொண்டது. அது நின்றால் இதுவும் நிற்கும். வாகனத் தரிப்புக்கான நீலச் சீட்டும் பல வேளைகளில் நடமாட்டப் புள்ளிகளைக் காட்டியே பெறப்படுகிறது.

ஓய்வூதிய வயதை நெருங்கும் பெற்றோர் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அரச ஓய்வூதிய வயது 66இலிருந்து 67ஆக 2026க்கும் 2028க்கும் இடையில் படிப்படியாக உயர்கிறது. அந்த வயதை அடைந்த பின் பிப்புக்குப் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. முன்பே பெற்றுவந்தால் அது தொடரும், ஆனால் நடமாட்டப் பிரிவைப் பொதுவாகப் புதிதாகச் சேர்க்கவோ கூட்டவோ முடியாது. அந்த வயதுக்குப் பின் முதன்முதலாக விண்ணப்பிப்போருக்கு இருக்கும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற வேறொரு கொடுப்பனவில் நடமாட்டத்துக்கென்று பணமே இல்லை. ஆகவே 64, 65 வயதில் கால் வலு மோசமாகிக்கொண்டு வருபவர்கள் அதை அறிவிப்பது பற்றி முன்னதாகவே யோசிக்க வேண்டும். அறிவித்தால் முழுக் கொடுப்பனவும் மறுபடி மதிப்பிடப்படும், குறையவும் கூடும் என்பதால், அறிந்த ஒருவரின் ஆலோசனை பெறாமல் இதில் இறங்கக்கூடாது. என் தாயார் விடயத்தில் நாங்களும் இப்போது அந்த ஆலோசனையைத்தான் பெற்றுவருகிறோம்.

நோயினால் வேலை செய்ய இயலாதோருக்கான பழைய ஈ.எஸ்.ஏ. கொடுப்பனவைப் பெற்றுவந்தவர்களுக்கு யூனிவர்சல் கிரெடிட்டுக்கு மாறும்படி 2024 செப்டெம்பரிலிருந்து கடிதங்கள் அனுப்பப்பட்டன. அந்த மாற்றம் தானாக நிகழ்வதில்லை, கடிதத்தில் குறித்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்தாலே பழைய தொகை குறையாமல் இருப்பதற்கான பாதுகாப்புக் கிடைக்கும். கடிதத்தைப் பிரிக்காமல் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்ட பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. ஞாபகசக்தி குன்றிய பெற்றோருக்காகப் அவர்கள் சார்பில் கொடுப்பனவு விடயங்களைக் கவனிக்கும் நியமன முகவராக இருக்கப் பிள்ளை ஒருவர் விண்ணப்பிக்கலாம். ஆனால் அறிவு தெளிவாக இருக்கும் தாய்தந்தையரின் வங்கி அட்டையையும் கடிதங்களையும் "அவைக்கு ஒண்டும் விளங்காது" என்று பிள்ளைகள் எடுத்துவைத்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் பணம் அவர்களுடையது. அதில் எவ்வளவு வருகிறது, எதற்காக வருகிறது, எப்போது மாறக்கூடும் என்பதை அவர்களுக்குத் தமிழில் உட்கார்ந்து விளக்க வேண்டிய கடமை எங்களுடையது.

ஆசிரியர் அவர்களே, தங்கள் பத்திரிகை இலவசமாகக் கடைகளிலும் கோயில்களிலும் கிடைப்பதால், இணையம் பார்க்காத முதியவர்களின் கைக்கும் அது போய்ச்சேர்கிறது. மாதம் ஒருமுறை அரைப்பக்கமாவது ஒதுக்கி, கொடுப்பனவு விதிகளில் எது சட்டமாகியது, எது வெறும் முன்மொழிவு என்பதைத் திகதியுடன் பெரிய எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படிவம் நிரப்பித் தருவதற்குப் பணம் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் ஒரே வாசகத்தை எழுதிக் கொடுப்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பின் நிலையங்களிலும், பல உள்ளூராட்சி மன்றங்களின் நலவுரிமை ஆலோசகர்களிடமும் இந்த உதவி கட்டணமின்றிக் கிடைக்கிறது என்ற செய்தியையும், தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம் என்ற செய்தியையும் அதே பக்கத்தில் ஒவ்வொரு மாதமும் தவறாமல் சேர்த்துவிடுங்கள்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
மேற்கு லண்டன்.